கார் பெருத்தது, கட்டம் பெருக்கவில்லை: பிரித்தானிய வாசகர்களின் பார்க்கிங் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர்க் கவுன்சிலின் வாகனத் தரிப்பிடத்தில் என் ஏழு இருக்கை வண்டியை நிறுத்தியிருந்தேன். பக்கத்து வண்டி கோட்டின் மேலேயே நின்றதால், என் வண்டியும் மறுபுறக் கோட்டை ஒரு சாண் அளவு தாண்டி நிற்க நேர்ந்தது. கட்டத்துக்குள் சரியாக நிறுத்தவில்லை என்று 50 பவுண் தண்டம் விதித்திருக்கிறார்கள். கட்டத்துக்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டல்லவா? கட்டமே சிறியது என்று வாதாட முடியுமா?

பதில்: பலரும் நினைப்பதற்கு மாறாக, தரிப்பிடக் கட்டம் ஒன்று இத்தனை அடி அகலமாவது இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் இல்லை. 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம் என்று எல்லோரும் சொல்லும் அளவு, நெடுங்காலமாகத் திட்டமிடுவோர் பின்பற்றிவரும் வழிகாட்டல் மட்டுமே. வீதியோரக் கட்டங்களின் நிலை சற்று வேறு. அவற்றின் கோடுகளும் அளவுகளும் 2016ஆம் ஆண்டின் போக்குவரத்துக் குறியீட்டு விதிகளுக்கு அடங்கியவை. ஆனால் உங்கள் வண்டி நின்றது வீதியில் அல்ல.

இதனால் உங்கள் மனக்குறை நியாயமற்றது என்று ஆகிவிடாது. போக்குவரத்து, சுற்றுச்சூழல் துறைகளில் இயங்கும் 'டிரான்ஸ்போர்ட் அண்ட் என்வைரன்மென்ட்' என்ற ஐரோப்பிய அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, ஐரோப்பாவில் விற்பனையான புதிய கார்களின் சராசரி அகலம் 2018இல் 177.8 சென்டிமீட்டராக இருந்து, 2023இன் முதற்பாதியில் 180.3 சென்டிமீட்டராக வளர்ந்திருந்தது. இது பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத கணக்கு. 2.4 மீட்டர்க் கட்டங்கள் இரண்டில் இந்தச் சராசரி வண்டிகள் இரண்டு நட்டநடுவே நின்றால், அவற்றுக்கு இடையே 60 சென்டிமீட்டர் மிஞ்சும்; இரண்டு மீட்டர் அகலமுள்ள பெரிய வண்டிகளானால் 40 சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளிக்குள் இரண்டு கண்ணாடிகளும் ஒரு கதவும் ஓர் ஆளும் அடங்க வேண்டும்.

ஆயினும், கட்டம் சிறியது என்ற ஒற்றை வாதத்தை நம்பி நீங்கள் மேன்முறையீட்டுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி அந்தக் கட்டத்துக்குப் பெரிதென்றால் வேறிடம் தேடியிருக்கலாமே என்ற ஒரு வரியில் அதற்குப் பதில் வந்துவிடும். உங்கள் பலம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலில், டிக்கெட் எழுதிய அலுவலர் எடுத்த படங்களைக் கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். அநேகமாக எல்லாக் கவுன்சில்களும் அவற்றை அங்கே காட்டுகின்றன. கோடுகள் தேய்ந்து மங்கியிருக்கின்றனவா, சக்கரம் கோட்டைத் தாண்டியதா அல்லது கோட்டின் மேல் நின்றதா என்பவற்றை அந்தப் படங்களே சொல்லும். கோட்டை மயிரிழை தாண்டியதை அற்பம் என்று தள்ளிவிடும் நடுவர்கள் உண்டு. ஒரு சாண் என்பது அற்பத்தின் எல்லையைக் கடந்தது என்றே நான் கருதுகிறேன். படம் வேறு விதமாகக் காட்டினால் மகிழ்ச்சி.

இரண்டாவது, அந்தத் தரிப்பிடத்துக்கான ஆணையின் பிரதியைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்குங்கள். சக்கரங்கள் கட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறதா, வண்டி முழுவதுமே உள்ளே இருக்க வேண்டும் என்கிறதா என்பதில் வழக்கின் போக்கே மாறலாம். மூன்றாவது, கோட்டின் மேல் நின்ற பக்கத்து வண்டி. அது உங்கள் படத்திலோ அலுவலரின் படத்திலோ தெரிந்தால், அதைக் குறிப்பிட்டு, தண்டத்தைக் கருணையுடன் நீக்கும்படி கேளுங்கள். கட்டத்தை அளந்து, அது 2.4 மீட்டருக்குக் குறைவென்று கண்டால், நாடா வைத்த படத்தையும் சேர்த்தனுப்புங்கள். தனியாக நின்று வெல்லாத வாதம், இந்தக் கோரிக்கைக்கு நல்ல துணையாக நிற்கும்.

நடைமுறையில் மிக முக்கியமானது, பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாதாடலாம் என்று எண்ணாதிருப்பது. கட்டியதும் விவகாரம் முடிந்துவிடும். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதிப் பணம், அதாவது உங்களுக்கு 25 பவுண். அந்த 14 நாட்களுக்குள்ளேயே ஆட்சேபம் எழுதினால், கவுன்சில் அதை நிராகரித்தாலும் அரைத் தண்டச் சலுகையை மீண்டும் தருவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டல் சொல்கிறது; ஆகவே முதல் கடிதத்தால் உங்களுக்கு இழப்பு வர வாய்ப்புக் குறைவு. அதன் பிறகும் விடாமல் நின்றால், வண்டியின் உரிமையாளருக்கு முறையான அறிவித்தல் வரும். 28 நாட்களுக்குள் முறையான ஆட்சேபம் அனுப்ப வேண்டும். அதற்குக் கவுன்சில் 56 நாட்களுக்குள் பதில் தராவிட்டால், ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். நிராகரித்தால், லண்டனுக்கு வெளியே டிராஃபிக் பெனால்டி ட்ரைபியூனலுக்கும், லண்டனில் லண்டன் ட்ரைபியூனல்ஸுக்கும் 28 நாட்களுக்குள் மேன்முறையிடலாம். கட்டணம் கிடையாது; ஆனால் அந்த நிலையில் தோற்றால் முழுத் தண்டத்தையும் கட்ட வேண்டியிருக்கும். தவறு நிகழ்ந்தது உண்மை, ஆனால் சூழ்நிலை இரக்கத்துக்குரியது என்று நடுவர் கண்டால், தாமாகத் தண்டத்தை நீக்காமல், மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலுக்குப் பரிந்துரைப்பார். இவ்வளவும் இங்கிலாந்துக்கு உரியவை.

கேள்வி: பல்பொருள் அங்காடி ஒன்றின் தரிப்பிடத்தில், குழந்தையின் இருக்கையை இறக்குவதற்காக இரண்டு கட்டங்களை அடைத்து நிறுத்தியதாகத் தனியார் நிறுவனம் ஒன்று 100 பவுண் கேட்டுத் தபால் அனுப்பியிருக்கிறது. தனியார் டிக்கெட்டைக் குப்பையில் போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போட வேண்டாம். நண்பர்களின் அறிவுரைக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. 2012 ஒக்டோபர் 1 முதல் நிலைமை மாறிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதை அன்று தடைசெய்த அதே சட்டம், ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது, பதிவில் உள்ளவரிடமே பணம் கேட்கும் உரிமையைச் சில நிபந்தனைகளுடன் அந்த நிறுவனங்களுக்குக் கொடுத்தது. 2015 நவம்பரில், செல்ம்ஸ்ஃபோர்ட் நகரில் இரண்டு மணி நேர இலவச வரம்பைக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தாண்டியவரிடம் 85 பவுண் கேட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

கவுன்சிலின் டிக்கெட்டையும் தனியாரின் டிக்கெட்டையும் பிசிஎன் என்ற ஒரே சுருக்கத்தால் அழைப்பதால் குழப்பம் வருகிறது. முன்னது சட்டப்படியான தண்டம்; பின்னது, அறிவிப்புப் பலகையில் எழுதிய நிபந்தனையை நீங்கள் மீறினீர்கள் என்ற ஒப்பந்தக் கோரிக்கை. ஆகவே பலகை எங்கே இருந்தது, அந்த நிபந்தனை படிக்கும் அளவில் எழுதப்பட்டிருந்ததா என்று நேரில் போய்ப் படமெடுங்கள். கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் நேரே தபாலில் வந்த அறிவித்தல், நிறுத்திய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் உங்களை வந்தடைந்திருக்க வேண்டும். தாமதித்தால், வண்டி உங்கள் பெயரில் பதிவாகியுள்ளது என்பதற்காக மட்டும் உங்களிடம் பணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. வெற்றி பெறும் ஆட்சேபங்களில் தேதியைச் சரிபார்த்தவர்களின் பங்கு பெரியது என்பது என் எண்ணம்.

முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். நிராகரித்தால், அது எந்தத் தரிப்பிட நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பினரோ அதற்கேற்ப, தனியார் டிக்கெட் மேன்முறையீடுகளை விசாரிக்கும் இரண்டு அமைப்புகளில் ஒன்றான பாப்லாவுக்கு (POPLA) 28 நாட்களுக்குள், அல்லது மற்றதான ஐஏஎஸ் (Independent Appeals Service) அமைப்புக்கு அதன் காலக்கெடுவுக்குள் மேன்முறையிடலாம். கடன் வசூலிப்போர் அனுப்பும் சிவப்பெழுத்துக் கடிதங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் வந்து பொருளை எடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து கோரிக்கைப் படிவம் வந்தால், ஒரு நாளும் கிடப்பில் போடாதீர்கள். பதிலளிக்காமல் விட்டால் தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் பதிவாகி, ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிடில் வீட்டுக்கடன் கேட்கும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்கும்.

கேள்வி: என் மாமியார் ஊன்றுகோலுடன் நடப்பவர், மாற்றுத்திறனாளிகளுக்கான தரிப்பிடச் சலுகை தரும் நீல அட்டை அவரிடம் இல்லை. குழந்தைகளுடன் வருவோருக்கான அகலக் கட்டத்தில் அவரை இறக்கலாமா?

பதில்: அந்தக் கட்டம் சட்டம் தந்த சலுகை அல்ல, கடைக்காரர் தந்த வசதி, ஆகவே அங்கே கடைக்காரரின் பலகை சொல்வதே விதி. அங்காடி மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, கவுன்சிலிடம் நீல அட்டைக்கு விண்ணப்பிப்பது. இங்கிலாந்தில் அதற்கு 10 பவுணுக்கு மேல் வாங்க மாட்டார்கள். அட்டை ஆளுக்குரியது, வண்டிக்குரியதல்ல என்பதால், அவரை யார் வண்டியில் அழைத்துப் போனாலும் பயன்படும். அந்த அட்டைக்கான கட்டங்களில், பக்கத்தில் கோடிட்ட 1.2 மீட்டர் இடம் கதவை முழுவதும் திறப்பதற்காகவே விடப்பட்டது. அந்த இடத்தில் எவரும் வண்டி நிறுத்தக் கூடாது.