லைக் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

கேள்வி: மாடித்தோட்டம் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறேன். என் தக்காளிக் காணொளியின் கீழ், 'இவர் சொன்னபடி செய்து செடி கருகிவிட்டது' என்ற கருத்து ஏராளமான லைக்குகளுடன் முதலிடத்தில் நிற்கிறது. பணம் கொடுத்தால், பாராட்டுக் கருத்துகளுக்கு லைக் ஏற்றி இதைக் கீழே தள்ளிவிடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: கூடாது. அந்தக் கருத்துக்கு லைக் போட்ட எல்லோருடைய செடியும் கருகிவிட்டதாக எண்ண வேண்டாம். மேலே நிற்பதை எல்லோரும் முதலில் படிக்கிறார்கள், படித்தவர்களில் சிலர் லைக் போடுகிறார்கள், அதனால் அது மேலேயே தங்கிவிடுகிறது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகள் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே முதல் ஆதரவு வாக்கைப் போட்டுவைத்தார்கள்; அடுத்து படித்தவரும் ஆதரவு வாக்கு போடும் வாய்ப்பு அதனாலேயே 32 சதவீதம் கூடியது.

இதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டுதான் ஏஜென்ட்டுகள் கடை விரிக்கிறார்கள். அவர்கள் விற்பவை போலிக் கணக்குகளின் லைக்குகள்; யூடியூப் விதிகளின்படி அது குற்றம், சேனலே முடக்கப்படலாம், அப்போது பணம் வாங்கியவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். 'பாஸ்வேர்டு மட்டும் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கேட்பவரோ சேனலையே பறித்துக்கொள்ள வந்தவர். இவர்களுக்குப் பிழைப்பைக் கொடுத்திருப்பதும் யூடியூப்தான். எந்தக் கணக்கின்படி கருத்துகளை வரிசைப்படுத்துகிறது என்பதை அது முழுமையாகச் சொல்வதில்லை. கருத்துகளுக்கு விழும் டிஸ்லைக் எண்ணிக்கையைக் காட்டுவதும் இல்லை. நூறு பேர் மறுத்திருந்தாலும் பார்ப்பவர் கண்ணில் படுவது ஆதரவு மட்டுமே என்ற இந்த ஏற்பாட்டை இத்தனை ஆண்டுகளாகச் சரிசெய்யாமல் வைத்திருப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது செலவில்லாதது. அந்தக் கருத்தை நீக்காமல், எந்த உரம், எவ்வளவு, எந்த நேரத்தில் இட்டார் என்று அதன் கீழேயே கேளுங்கள். பிறகு சரியான அளவை விளக்கி நீங்களே ஒரு கருத்து எழுதி அதை 'பின்' (Pin) செய்யுங்கள், அதாவது மேலே நிலைநிறுத்துங்கள். அப்படி 'பின்' செய்த கருத்து லைக் எண்ணிக்கை எதுவானாலும் முதலில் தெரியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. யாராவது, 'தக்காளிப் புழுவுக்கு மோனோகுரோட்டோபாஸ் அடியுங்கள்' என்று எழுதி அதற்கு லைக்குகள் குவிந்தால், தயங்காமல் உடனே நீக்கிவிடுங்கள். காய்கறிகளில் தெளிக்கக் கூடாது என்று இந்தியாவில் தடைசெய்யப்பட்ட நஞ்சு அது. கீழே நீங்கள் எழுதும் மறுப்பைப் பலர் படிக்க மாட்டார்கள். லைக் எண்ணிக்கையைப் பார்த்ததும் அனுபவசாலிகள் ஒப்புக்கொண்ட மருந்து என்று நம்பி, வீட்டுக் குழந்தைகள் பறித்துத் தின்னும் செடியில் அடித்துவிடுவார்கள். எழுதியவர் நல்லெண்ணத்தில் எழுதியிருந்தாலும், உங்கள் நெடுநாள் பார்வையாளராகவே இருந்தாலும் நீக்கத்தான் வேண்டும். நீக்கிய காரணத்தைத் தனிக் கருத்தாக எழுதிவிடுங்கள்.

ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால், இன்றே அதை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, யூடியூப் ஸ்டுடியோவின் அனுமதிகள் பகுதியில் அறிமுகமில்லாத பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள்.