ரிடையர்மென்ட் கம்யூனிட்டி என்றால் முதியோர் இல்லம்தானே?

இல்லை. இங்கே பெரும்பாலும் பெரியவர்களே வீட்டை விலைக்கோ குத்தகைக்கோ எடுத்து, மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டிக் குடியிருக்கிறார்கள். கோவையைச் சுற்றி நிறைய வந்துவிட்டன. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் இதற்கென மாதிரி வழிகாட்டுதல்களும் வெளியிட்டது.

முன்பெல்லாம் 'பிள்ளைங்க கொண்டுபோய் விட்டுட்டாங்க' என்று ஊர் பேசும். என் பெரியம்மா போனபோதும் பேசினார்கள். ஆனால் அவரே பார்த்து முடிவு செய்த வீடு அது. குளியலறையில் கைப்பிடி, கட்டிலுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி. காலை ஏழரைக்கு சாப்பாட்டுக் கூடத்தில் சுடச்சுட இட்லி, அப்புறம் பதினோரு மணி வரை பேச்சு. நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவர், பாவம், இப்போதுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

சேருமுன் ஒன்று கேளுங்கள்: படுத்த படுக்கையானால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பல இடங்களில் நாமே தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கும்.