ரூ.18,000 மவுன்டன் பைக்கா, ரூ.32,000 எலெக்ட்ரிக் சைக்கிளா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வயது 41, எடை 78 கிலோ. ஆபீஸ் 9 கிலோமீட்டர். வாரத்தில் ஆறு நாள் போய்வர வேண்டும். வழியில் ஐந்து ரோடு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஏற்காடு ஏற ஆசை. கடையில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 18,000 ரூபாய் மவுன்டன் பைக். 21 கியர், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இன்னொன்று 32,000 ரூபாய் எலெக்ட்ரிக் சைக்கிள். 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 7.8 ஏ.எச். பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 50 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஸ்பிரிங் வைத்த அந்த மவுன்டன் பைக் வேண்டாம். எலெக்ட்ரிக் சைக்கிள் உங்கள் ஆபீஸ் பயணத்துக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் ஏற்காட்டுக்குப் பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

18,000 ரூபாய்க்குள் ஒரு கம்பெனி ஃபிரேம், சக்கரம், கியர், பிரேக், சீட் எல்லாம் கொடுத்து, கடைக்காரருக்கும் லாபம் விட வேண்டும். அதற்குள் பின் சஸ்பென்ஷனையும் சேர்த்தால் அந்தக் காசு வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களில் குறைப்பார்கள்: ரிம், பெடல் அச்சின் பால்ரஸ், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப். சரி, அப்படிக் குறைத்துக் கொடுக்கிற அந்த சஸ்பென்ஷனாவது நல்லதா என்றால் அதுவும் இல்லை. விலை உயர்ந்த வண்டிகளில் ஆட்டத்தை அடக்க இருக்கிற ஆயில், காற்று வேலையெல்லாம் இதில் கிடையாது. வெறும் ஸ்பிரிங்தான். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் வண்டி குனிந்து நிமிரும். உங்கள் கால் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கு செயினுக்குப் போகாமல் அந்த ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே வீணாகும். கொஞ்ச நாளில் அதன் மூட்டில் இருக்கும் புஷ் தேய்ந்து, பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். வண்டியும் கனம். இந்த ரகம் சாதாரணமாக 18, 19 கிலோ வரும். அதே விலையில் பின் சஸ்பென்ஷன் இல்லாத அலாய் ஃபிரேம் வண்டி 15 கிலோவுக்குப் பக்கத்தில் கிடைக்கும்.

21 கியர் என்பது பெரிய விஷயம் இல்லை. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. நிறைய சேர்க்கைகள் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், நிஜமாக வேறு வேறாக இருப்பவை ஏறக்குறைய 12. ஆனால் மலைக்கு இந்த வண்டியில் ஒரு நிஜமான பலம் உண்டு, அது சின்ன கியர். முன்னால் 24 பல், பின்னால் 28 பல் இருந்தால் பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி சுமார் ஒன்றே முக்கால் மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்சம். மெதுவாகத்தான் போகும், ஆனால் மூச்சு முட்டாமல் எந்தக் கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடலாம்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றிப் பலரும் ஒன்று மிகையாகப் புகழ்கிறார்கள், இல்லையென்றால் ஒரேயடியாகத் திட்டுகிறார்கள். கேபிளில் இயங்கும் மலிவு டிஸ்க்குக்குக்கூட மழையில் பிடிப்பு ரிம் பிரேக் அளவுக்குக் குறையாது. ரிம் கொஞ்சம் கோணினாலும் பிரேக் வேலை செய்யும். அது நல்லதுதான். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கக் கட்டை மட்டும்தான் நகரும். கட்டை தேயத் தேய, மறுபக்கத்துத் திருகை நீங்களே முடுக்கிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல், லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு விட்டுவிட்டு, பிரேக்கே போய்விட்டது என்று வண்டியை மூலையில் சாத்துகிறவர்கள் உண்டு. கடையில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "சர்" என்று உரசினால் தட்டு வளைந்திருக்கிறது. அங்கேயே நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள். அப்புறம் பெடல் மாட்டியிருக்கும் இரண்டு கிராங்க் கைகளையும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். "டக் டக்" என்று தளர்ச்சி தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

இப்போது எலெக்ட்ரிக் சைக்கிள். 36 வோல்ட்டை 7.8 ஏ.எச்.சால் பெருக்குங்கள்: சுமார் 280 வாட் அவர். பேட்டரியின் கொள்ளளவு இதுதான். எத்தனை கிலோமீட்டர் என்று கடைக்காரர் என்ன சொன்னாலும், இந்த எண்ணை வைத்து நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். சமதரையில் நீங்களும் மிதித்து மோட்டாரும் உதவினால் கிலோமீட்டருக்கு 7, 8 வாட் அவர் செலவாகும். மிதிக்காமல் திராட்டிலை மட்டும் முறுக்கினால் 11, 12 ஆகும். உங்களுக்குப் போக வர 18 கிலோமீட்டர். மிதித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 140, அதாவது பாதி பேட்டரி. திராட்டிலிலேயே போனால் 210. இரண்டு வழியிலும் வீடு வந்து சேரலாம். ஆனால் 50 கிலோமீட்டர் என்பது எடை குறைந்த ஆள், சமதரை, தாராளமாக மிதிப்பது எல்லாம் ஒன்றுசேர்ந்தால் வரும் கணக்கு. திராட்டில் மட்டும் என்றால் 23, 25 கிலோமீட்டரில் நின்றுவிடும்.

மிதிப்பதற்கும் திராட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் பேட்டரியின் ஆயுளில்தான் பெரிதாகத் தெரியும். நல்ல லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு பழைய கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கும். தினம் பாதி பேட்டரி செலவழித்தால், வருஷத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தாலும், மூன்று வருஷத்துக்கு மேல் வரும். திராட்டில் பழக்கம் பிடித்துவிட்டால் அதே பேட்டரி இரண்டேகால் வருஷத்தில் அந்த நிலைக்கு வந்துவிடும். அப்போது 280 என்பது 224 ஆகியிருக்கும், உங்களுக்குத் தேவையோ 210. எதிர்க்காற்று அடிக்கிற நாளில் மேம்பாலத்தில் 22 கிலோ வண்டியை மிதித்து ஏற்ற வேண்டி வரும். கரன்ட் செலவை நினைத்துக் கவலைப்பட ஒன்றும் இல்லை. முழுச் சார்ஜுக்கே மூன்றில் ஒரு யூனிட்தான். செலவெல்லாம் பேட்டரி மாற்றும்போதுதான், அது பத்தாயிரத்தைத் தாண்டும்.

சரி, ஏற்காடு. நகரத்திலிருந்து மேலே போக 1,000 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். 1,100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 78 கிலோ, வண்டி 22 கிலோ, ஆக 100 கிலோ. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 300 வாட் அவர் வேண்டும். பேட்டரியில் இருப்பது 280. அதிலும் மோட்டார் சூட்டில் கால்வாசி போய்விடும், சக்கரத்துக்கு வந்து சேர்வது 210தான். டயர் உராய்வைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதாவது பாதிக்கு மேல் எங்கேயோ ஒரு வளைவில் பேட்டரி தீரும். மீதியை நீங்கள் அந்தக் கனத்தோடு மிதிக்க வேண்டும். இந்த விலையில் வருவது பின் சக்கரத்து ஹப்புக்குள் இருக்கும் மோட்டார். அதனால் நீங்கள் எந்த கியர் போட்டாலும் அந்த மாற்றம் மோட்டாருக்குப் போய்ச் சேராது. ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய அது திணறும், சூடாகும். உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் பெரும்பாலும் நைலான். மேம்பாலத்துக்கு அது போதும். 20 கொண்டை ஊசி வளைவுக்கு அதை வருத்தக் கூடாது.

ஆகவே உங்கள் வாழ்க்கைக்கு எது சரி? வாரம் ஆறு நாள் ஆபீஸ், மாதம் ஒரு நாள் மலை. நான் ஆறு நாளைத்தான் பார்ப்பேன், அதனால் எலெக்ட்ரிக் சைக்கிள்தான். நேரத்தில் பெரிய லாபம் இருக்காது. மிதிவண்டியில் 35 நிமிடம் என்றால் இதில் 26, 27 நிமிடம். ஆனால் ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயிலில் சட்டை நனையாமல் ஆபீஸ் போய்ச் சேர்வதும், சாயங்காலம் களைத்த உடம்போடு மேம்பாலம் ஏற மலைக்காமல் இருப்பதும்தான் ஒருவரைத் தொடர்ந்து சைக்கிளில் போக வைக்கும். நாலு மாதம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடும் 18,000 ரூபாய் வண்டியைவிட, தினமும் ஓடும் 32,000 ரூபாய் வண்டி மலிவு.

பணம் கட்டுவதற்கு முன் கடையில் மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டராவது மிதித்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த நாளில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வண்டி அதுதான். பிரேக் லீவரைத் தொட்ட உடனே மோட்டார் நிற்க வேண்டும். அரை நொடி இழுத்தாலும் சரிசெய்து வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போக முடிய வேண்டும். ஈய அமில பேட்டரி என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இதே பேட்டரி புதிதாக என்ன விலை, எத்தனை நாளில் வரவழைத்துத் தருவார்கள், வாரன்டி எத்தனை மாதம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஊரில் சர்வீஸ் இல்லாத கம்பெனி வண்டியை ஆன்லைனில் 4,000 ரூபாய் குறைவு என்று வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேட்டரிப் பெட்டி கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது.

"ஸ்பீடு லாக் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், வண்டிக்கு முறையான சோதனை மையத்தின் சான்று என்று இருந்தால்தான் லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம்.

பஞ்சர் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு பக்கமாக டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார். மோட்டார் சக்கரத்திலும் அதே முறை செல்லும். டியூபையே மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். ஒயர் கனெக்டரைப் பிரித்து, நட்டைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது, அச்சு சுழலாமல் பிடித்து நிறுத்தும் வாஷர் பழையபடி உட்கார வேண்டும். அது தப்பி, நட்டும் தளர்வாக இருந்தால் அச்சு திருகிக்கொண்டு ஒயரையே அறுத்துவிடும்.

சார்ஜர் கூடவே வந்ததைத் தவிர வேறு எதையும் செருக வேண்டாம். வெயிலில் நின்று கொதித்த பேட்டரியை ஆற விட்டுச் சார்ஜ் போடுங்கள். தூங்கும் நேரத்தில், அதுவும் வெளியே போகும் வாசலை மறித்த மாதிரி வைத்து, சார்ஜ் போடாதீர்கள்.

ஏற்காடு ஆசையை விட வேண்டாம். பின் சஸ்பென்ஷன் இல்லாத, சின்ன கியர் உள்ள பழைய சைக்கிள் ஒன்றைக் கொஞ்சம் காசு சேர்த்துப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் வெல்டிங்கில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். டயர் வழவழப்பானதாக மாற்றினால் தார் ரோட்டில் மிதிப்பது நிறையவே லேசாகும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். ஏற எவ்வளவு சக்தி செலவானதோ அவ்வளவும் இறங்கும்போது திரும்பி வரும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் பதினெட்டு நிமிடம் போட்டு வைத்தால் வரும் சூடு அது. காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்குத்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய சைக்கிள்களில் மலையிறங்கிப் பந்தயம் விட்டவர்களுக்கு, பின் ஹப்புக்குள் இருந்த பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்து போய், திரும்பத் திரும்பப் புதிதாக அடைக்க வேண்டியிருந்தது. மவுன்டன் பைக் உருவானது அவர்கள் கையில்தான். எனவே மேலே டீ குடிக்க நிறுத்தும்போதே இரண்டு பிரேக் கட்டைகளிலும் சதை இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவு தாண்டியதும் விட்டுவிடுங்கள். ஐந்தாறு வளைவுக்கு ஒரு தரம் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். தட்டு எவ்வளவு சூடு என்று பார்க்க விரலை வைத்துவிடாதீர்கள், சுட்டுவிடும்.