ஒரு நோயாளிக்காக மலை ஏறலாமா?

அன்புள்ள ஐயா,

டாக்டர் பால் ஃபார்மர் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டு அவரைத் தேடிப் படித்தேன். ஹார்வர்டில் பேராசிரியர், ஆனால் மனசு முழுக்க ஹைத்தியில் ஒரு குக்கிராமத்தில். மருந்து வாங்க வராத ஒரு காசநோயாளியைப் பார்க்க மலையேறி மணிக்கணக்கில் நடந்து போயிருக்கிறார். நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறவன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. அந்த நேரத்துக்கு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தால் ஐம்பது பேரைப் பார்த்திருக்கலாமே? இது சேவையா, புனிதராகும் ஆசையா? இன்னொன்று, என் மகள் எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இவரைப் போல ஆகணும் என்கிறாள். பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

க., ஓசூர்

அன்புள்ள க.,

மருந்துச்சீட்டு எழுதியதோடு மருத்துவர் வேலை முடிந்தது என்றால் உங்கள் கணக்கு சரி. காசநோயில் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை போட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும், ஆள் வேலைக்குக் கிளம்பிவிடுவார், மாத்திரை நின்றுபோகும், அப்புறம் நோய் திரும்பும், திரும்பும்போது பழைய மருந்துக்கு அடங்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. உங்கள் ஐம்பது பேரில் சிலர், அப்படி விட்டுப்போன ஒருத்தரிடமிருந்து தொற்றிக்கொண்டு வந்தவர்களாக இருப்பார்கள்.

ஃபார்மர் முதலில் ஹைத்திக்குப் போனது 1983-ல், மருத்துவக் கல்லூரியில் சேரும் முன்பே. அவர் வேலை செய்த ஊர் கான்ஜ். அந்த ஊர் உருவான கதையே பாதி நோய்க்காரணம். 1956-ல் பெலிக்ர் அணை கட்டினார்கள், ஆற்றோரம் நல்ல நிலத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்தவர்களின் வயலெல்லாம் மூழ்கியது, அவர்கள் மேட்டுக்கு ஏறிக் கல்லும் கரடுமான இடத்தில் குடிசை போட்டார்கள். மின்சாரம் வேறு யாருக்கோ போனது. பெரிய அணைக்கு நிலம் கொடுத்த ஊர்களின் கதை எந்த நாட்டிலும் பெரிதாக மாறுவதில்லை.

1980-களின் கடைசியில் அங்கே மருந்து இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தபோதே சில காசநோயாளிகள் இறந்துபோனார்கள். ஏன் என்று ஊழியர்கள் கூடிப் பேசியபோது இரண்டு கட்சி ஆனது. படித்தவர்கள் சொன்னது, இந்த மக்கள் நோயைச் சூனியம் என்று நம்புகிறார்கள், கொஞ்சம் தேறியதும் மருந்தை விட்டுவிடுகிறார்கள் என்று. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் சொன்னது, சாப்பாடே இல்லாதவர்கள் எப்படித் தேறுவார்கள் என்று. ஃபார்மர் இதை விவாதமாக விடவில்லை, சோதித்துப் பார்த்தார். எல்லோருக்கும் மருந்து இலவசம். ஒரு பிரிவுக்கு அதோடு சாப்பாட்டுக்கும் வண்டிச் செலவுக்கும் மாதாமாதம் கொஞ்சம் பணம், வீட்டுக்கே வந்து பார்க்க ஒரு பணியாளர். மருந்து மட்டும் வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் குணமானார்கள். மற்ற பிரிவில் அத்தனை பேரும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் சூனியத்தை நம்பியவர்கள்தான், குணமானதற்கும் நம்பிக்கைக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லை. அறியாமை என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற பல இடங்களில் பஸ் காசு இல்லை என்பதுதான் விஷயமாக இருக்கும்.

ஆக, ஒருவர் மருந்து வாங்க வரவில்லை என்றால் அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஓபி அறையில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. அப்படி வீடு வீடாகப் போய் ஃபார்மர் கற்றுக்கொண்டதுதான் திட்டமானது. எல்லா வீட்டுக்கும் அவரே நடக்கவும் இல்லை, அந்தந்த ஊர்க்காரர்களையே சம்பளம் கொடுத்துப் பணியாளர்களாக வைத்தார். சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏழைகளைத் தொண்டு என்ற பெயரில் சும்மா வேலை வாங்குவதில் அவருக்கு உடன்பாடு கிடையாது.

வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான், இது பலருக்குத் தெரியாது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருப்பது) நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் (காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை) வைத்தும் மீதிப் பேரை அவரவர் வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், ஓய்வு இல்லை, சாப்பாடும் குறைவு. ஆனாலும் வருடக் கடைசியில் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று 1959-ல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கேயும் பணியாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். ஆனால் அந்த ஆய்வைக் காட்டி, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்ற எண்ணமும் பரவிவிட்டது, அது நமக்கு நஷ்டம். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு 2023-ல் வந்தது. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்திருக்கிறது. கான்ஜில் பணியாளர்கள் சொன்னதை நிரூபிக்க நமக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சரி, உங்கள் மொழியிலேயே, செலவுக்கு வருகிறேன். 1990-களில் பெரு நாட்டின் லிமாவுக்கு வெளியே கராபாய்யோ என்ற சேரிப்பகுதியில் வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய் பரவியது. இரண்டாம் கட்ட மருந்துகளின் விலை ஒருவருக்கே பல ஆயிரம் டாலர். ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்பது அன்றைய நிபுணர்களின் கருத்து, உலகச் சுகாதார நிறுவனம் உட்பட. ஃபார்மரும் நண்பர் ஜிம் யோங் கிம்மும் பாஸ்டன் மருத்துவமனையின் மருந்தகத்திலிருந்து மருந்தை எடுத்துப் பெட்டியில் போட்டு லிமாவுக்குக் கொண்டுபோனார்கள், பாக்கி 92,000 டாலருக்கு ஏறியது. கடைசியில் டாம் வைட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், அவர்களுடைய நிறுவனமான பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்தை 1987-ல் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர், காசோலை கொடுத்துத் தீர்த்தார். (இதை உங்கள் மகளுக்கு முன்மாதிரியாகச் சொல்ல வேண்டாம்.) ஆனால் பலன் என்ன? சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பான்மையோர் குணமானார்கள். அதை வைத்துக்கொண்டு, காப்புரிமை முடிந்துபோன இந்த மருந்துகளுக்கு இவ்வளவு விலை ஏன் என்று கேட்டார்கள், பல நாடுகளுக்குச் சேர்த்து மொத்தமாக வாங்க ஏற்பாடு செய்தார்கள், சில மருந்துகளின் விலை 90 விழுக்காடு வரை இறங்கியது. விலையை மாறாத எண்ணாக வைத்து நிபுணர்கள் போட்ட கணக்கில் கராபாய்யோவில் இருந்தவர்கள் செத்துப்போக வேண்டியவர்கள். உற்பத்திப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இது நன்றாகவே புரியும், மூலப்பொருள் விலை ஏன் இவ்வளவு என்று கேட்காமல் சிக்கனம் பேச முடியாது இல்லையா.

புனிதர் பட்டம் எனக்கும் ஒவ்வாது. புனிதர் என்று சொல்லிவிட்டால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். அவர் செய்ததிலும் ஓட்டைகள் உண்டு. நன்கொடையாளர்களின் கையை நம்பி ஓடும் அமைப்பு எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். ஹைத்தியில் 2010-ல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே மிர்பாலே ஊரில் 300 படுக்கையுள்ள பெரிய மருத்துவமனையைக் கட்டி 2013-ல் திறந்தார்கள், 2025-ல் ஆயுதக் கும்பல்கள் ஊருக்குள் புகுந்தபோது அங்கே சேவையை நிறுத்த வேண்டி வந்தது. மருத்துவரின் அர்ப்பணிப்பு எவ்வளவு இருந்தாலும் அரசாங்கம் இல்லாத ஊரில் அது எட்டுகிற தூரம் அவ்வளவுதான். அவருக்கும் இது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன், ருவாண்டாவில் அரசோடு சேர்ந்து அரசு மருத்துவமனைகளையே பலப்படுத்தினார். 2022 பிப்ரவரியில் 62 வயதில் தூக்கத்தில் இறந்ததும் அங்கே புட்டாரோவில்தான்.

குடும்பத்தை விட்டு அவர் அலைந்த அலைச்சலை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் பயம் நியாயமானது. மகளிடம் ஹைத்தி வேண்டாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், இந்த வயதில் அது எதிராகத்தான் வேலை செய்யும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் சமூக மருத்துவத்துக்கு என்று கிராமத்துப் பக்கம் அனுப்புவார்கள், முக்கால்வாசிப் பேர் அதை பிஜி நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிற விடுமுறையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரையைப் பாதியில் விட்டவர்களைத் தேடிக்கொண்டு காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர்கள் டூவீலரில் போவார்கள், கேட்டால் கூட அழைத்துப்போவார்கள். சில வீடுகளைப் பார்த்துவிட்டு வரட்டும். அப்புறமும் இதே ஆசை இருந்தால் நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள், பிஜி சீட்டுக்கு என்று சேர்த்து வைத்திருக்கிற பணமும் கொஞ்சம் மிச்சமாகும்.