தகவல் தந்த மூதாட்டி

அன்புள்ள அக்கா,

அம்மா கம்பஸில் படித்த காலத்துத் தமிழ்ச் சங்க மலரொன்று வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. அதில் பெண் என்றால் குத்துவிளக்கு. இல்லாவிட்டால் துணுக்கில் வரும் நாகரிகக்காரி. இன்று எங்கள் பீடக் கையேட்டின் அட்டையில் மூன்று மாணவிகள் நுணுக்குக்காட்டியோடு நிற்கிறோம். ஒருத்தி நான். முன்னேறிவிட்டோம் என்று சொல்லலாமா?

– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

அட்டையில் நீங்கள் நிற்பது எனக்கும் சந்தோஷம்தான். உள்ளே உங்கள் பெயர் இருக்கிறதா?

நான் படித்தபோது ஒரு மலருக்கு விளம்பரம் கேட்டுக் கடைகடையாக ஏறி இறங்கினேன். புரூப்பும் பார்த்தேன். மலர் வந்தது, ஆசிரியர் குழுவில் ஐந்து ஆண்கள். கடைசிப் பக்கத்தில் ‘உதவிய மாணவியருக்கும் நன்றி’. அதே மலரில் பெண்ணின் பெருமை பற்றி ஆறு பக்கக் கட்டுரை, எழுதியவர் ஆண். (அதற்கும் புரூப் பார்த்தது நான்தான். பிழை நிறைய.)

அன்றிலிருந்து எந்த மலரையும் பின்பக்கத்திலிருந்தே புரட்டுகிறேன். நம் பக்கத்து நாட்டார் வழக்காறு பற்றிய கட்டுரைகளைப் பாருங்கள். வைகாசிக் குளுத்திச் சடங்கு, கண்ணகை அம்மன் என்று பக்கம் பக்கமாக இருக்கும். தாலாட்டும் ஒப்பாரியும் முழுக்கப் பெண்களின் வாயிலிருந்து வந்தவை. நான் பார்த்த பலவற்றில் அடியில் ‘தகவல்: ஒரு மூதாட்டி’ என்றுதான் போட்டிருந்தது. பதிவு செய்த பொடியனுக்கு மட்டும் முதலெழுத்தோடு பெயர். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி என்று எண்ணுகிற, வீடும் வளவும் மகளுக்கு எழுதுகிற மட்டக்களப்பில், பாடியவளுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. குத்துவிளக்கு உவமையைவிட எனக்கு இதுதான் சுடுகிறது.

அதற்காக அந்தக் காலம் முழுவதையும் அம்மாவின் மலரால் அளக்க வேண்டாம். 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ வந்தது. பெண்களின் கவிதைகளைத் தொகுத்தவர் சித்திரலேகா மௌனகுரு. பிறகு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். யாழ். பல்கலைக்கழக மாணவி செல்வி ‘தோழி’ என்று ஓர் இதழே நடத்தினார். 1991இல் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. யாராவது தங்களை வரைந்து காட்டட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நுணுக்குக்காட்டி நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் படத்துக்குக் கீழே மூவரின் பெயரையும், அதற்குள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதையும் போடச் சொல்லி அடுத்த பதிப்புக்கு முன் கேளுங்கள். அம்மாவிடமும் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அந்த மலருக்குப் புரூப் பார்த்தது யார்?