ஹெச்டி டிவியும் கேமராவும் எல்லா நாட்டுக்கும் வந்து சேர ஏன் இத்தனை வருடம் ஆனது?

"ஜப்பான் எண்பதுகளிலேயே ஹெச்டி காட்டிவிட்டதே, மற்ற நாடுகளுக்கு வர ஏன் இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது, விலைதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையும் காரணம்தான். ஆனால் விலை இறங்கிய பிறகும் பல இடங்களில் வண்டி நகரவில்லை. வீடியோ எடிட்டிங்கில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹெச்டி என்பது கடையில் வாங்கி வரும் ஒரு பொருள் இல்லை. கேமரா, கேசட், எடிட் செய்யும் கணினி, ஒளிபரப்பு, செட் டாப் பாக்ஸ், நடுவில் போகும் வயர், கடைசியில் டிவி. இதில் ஒன்று பழசாக இருந்தாலும் தெரியப்போவது பழைய படம்தான். ஒவ்வொன்றுக்கும் பணம் போட வேண்டிய ஆளும் வேறு. முதலில் அவன் வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எல்லோருமே உட்கார்ந்திருந்தார்கள்.

ஜப்பானில் அந்தச் சிக்கல் குறைவு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு அரசு சார்ந்த ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே ஆராய்ச்சியைத் தொடங்கியது. கேமராவும் டிவியும் செய்யும் கம்பெனிகளும் பக்கத்திலேயே இருந்தன. 1989இல் செயற்கைக்கோள் வழியாகத் தினம் ஒரு மணி நேரச் சோதனை ஒளிபரப்பு, 1991 நவம்பர் 25 முதல் தினம் எட்டு மணி நேரம். அந்தத் தேதியைச் சும்மா எடுக்கவில்லை: படத்தை மேலிருந்து கீழாக வரையும் கோடுகள், அதாவது வரிகள், 1125; அதனால் 11ஆம் மாதம் 25ஆம் தேதி!

ஆனால் அது டிஜிட்டலுக்கு முந்தைய அனலாக் முறை. அவ்வளவு தகவலைச் செயற்கைக்கோள் சேனல் ஒன்றுக்குள் அடைக்க 'மியூஸ்' என்ற முறையில் படத்தைச் சுருக்கினார்கள். மலை அசையாமல் நின்றால் மரம் மரமாகத் தெரியும். ஏதாவது ஓட ஆரம்பித்தால் அந்த இடம் மட்டும் மங்கும். டிவியோ ஆரம்பத்தில் ஒரு கார் விலை. கடைசியில் ஜப்பானும் 2000 டிசம்பரில் டிஜிட்டல் ஹெச்டியைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. மியூஸை 2007இல்தான் மூடினார்கள். முதலில் ஓடியவரே இரண்டு முறை ஓட வேண்டி வந்தது.

ஐரோப்பாவின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1986இல் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த சர்வதேசக் கூட்டத்தில் ஜப்பானின் முறையையே உலகத்துக்கெல்லாம் பொதுவாக வைக்கலாம் என்ற யோசனை வந்தது. ஐரோப்பியர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்கள் டிவி நொடிக்கு 50 முறை துடிப்பது, ஜப்பானுடையது 60. இது தொழில்நுட்பக் காரணம். தங்கள் டிவி தொழிற்சாலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அதே வருடம் 'யுரேகா 95' என்று சொந்தத் திட்டம் போட்டு, 1250 வரிகளோடு 'ஹெச்டி-மேக்' என்ற முறையை உருவாக்கினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸை அதில் காட்டினார்கள். மறுவருடமே கைவிட்டார்கள், ஏனென்றால் அதுவும் அனலாக் கலந்த முறைதான்.

அதில் சூடு பட்ட பிறகு பத்து வருடம் ஐரோப்பாவில் ஹெச்டிக்குப் பெரிய பேச்சே இல்லை. அவசரமும் இல்லை என்பது இதில் பலர் கவனிக்காத விஷயம். அமெரிக்காவின் பழைய டிவியில் 525 வரிகள், ஐரோப்பாவில் 625. இருந்த படமே சுமாராக நன்றாக இருந்தது. அகலத்திரை டிவியும் டிவிடியும் வந்ததும் இது போதும் என்று இருந்துவிட்டார்கள். 2004 ஜனவரி 1 அன்று பெல்ஜியத்திலிருந்து யூரோ1080 என்ற ஹெச்டி சேனல் வந்தது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்து வந்த பிறகுதான் சூடு பிடித்தது.

அமெரிக்காவில் பேச்சு தொடங்கியதே வேறு கணக்கில். காலியாகக் கிடந்த டிவி அலைவரிசைகளை வாக்கி-டாக்கி மாதிரியான ரேடியோக்காரர்கள் கேட்டார்கள். ஹெச்டிக்கு வேண்டும், தரமாட்டோம் என்று டிவி நிலையங்கள் 1987இல் கொடி பிடித்தன. அப்படிச் சொன்ன வாய்க்காக ஹெச்டி செய்தே தீர வேண்டியதாயிற்று என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தாமதம் அவர்களுக்கு நல்லதாகவே முடிந்தது: 1990இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமெண்ட் நிறுவனம் முழு டிஜிட்டல் முறையை முன்வைத்தது, அனலாக் யோசனைகள் ஒதுங்கின. 1998 அக்டோபரில் விண்வெளி வீரர் ஜான் கிளென் மறுபடி விண்வெளிக்குப் போனதை ஹெச்டியில் காட்டினார்கள். பழைய ஒளிபரப்பை 2006இல் நிறுத்துவதாக இருந்தது, தள்ளித் தள்ளி 2009 ஜூன் 12 ஆனது.

இன்னொன்று, உட்காரும் தூரம். ஹெச்டியின் முழு நுணுக்கம் கண்ணுக்குத் தெரிய, திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும் என்பது கணக்கு. 32 அங்குல டிவி என்றால் சுமார் 1.2 மீட்டர். யார் அவ்வளவு கிட்டே உட்கார்கிறார்கள்? பெரிய திரை வேண்டும், பழைய கண்ணாடிக் குழாய் டிவியில் பெரிய திரை என்றால் நாலு பேர் தூக்க வேண்டும். தட்டை டிவி மலிவாகும்வரை யாருக்கும் பெரிய ஆசை வரவில்லை.

சரி, கேமராவுக்கு வருகிறேன். என் கைக்கு ஹெச்டி வந்தது 'ஹெச்டிவி' என்ற கேசட் முறையில். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது தொலைக்காட்சி இல்லை.) 2003இல் வந்தது. பழைய சின்ன டிஜிட்டல் கேசட்டிலேயே ஹெச்டியைப் பதியும். எப்படி? ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு நிலைப்படத்தையும், முழுசாக எழுதாது. டிவி நொடிக்கு 50 முறை துடிக்கும் நாடுகளில் 12 ஃபிரேமுக்கு ஒரு முழுப்படம், மற்றதெல்லாம் அதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். டேப்பில் ஒரு தூசி இருந்தால் பழைய கேமராவில் ஒரு ஃபிரேமில் கோடு விழும்; இதில் அரை நொடி போய்விடும்.

எனக்குப் போனது. மேடை நடனம் ஒன்று, நடனக் கலைஞர் தாவுகிறார், படம் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது, அடுத்து கீழே இறங்கி நிற்கிறார். இதைவிடக் கூத்து, அந்த நிகழ்ச்சியை வாங்கியவர் வீட்டில் இருந்தது டிவிடி பிளேயர். ஹெச்டியில் எடுத்து, திணறும் கணினியில் எடிட் செய்து, கடைசியில் ஏறக்குறைய பாதி வரிகளாகச் சுருக்கி டிவிடியில் போட்டுக் கொடுத்தேன். அதை அவர் புது ஹெச்டி டிவியில் ஹெச்டி போகாத பழைய மஞ்சள் வயரில் இணைத்து, முகமெல்லாம் அகலமாக இழுபட்டுத் தெரிய, "ஹெச்டி சூப்பராக இருக்கிறது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம் அவரே மூல கேசட் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, போட்டுப் பார்க்கக் கேமராதான் இல்லை. தேடிப்பிடித்து ஒன்றை இரவல் வாங்கி, ஒரு மணி நேர டேப்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கணினியில் இறக்கினேன். அவர் வீட்டிலேயே பெரிய திரையில் போட்டோம். ஆடையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது, பின்திரையில் யாரோ குத்தியிருந்த ஊக்குகூடத் தெரிந்தது. தாவும் இடம் வந்ததும் அரை நொடி அப்படியே நின்றது. "உங்கள் கணினி திக்குகிறதே" என்றார்.