ஓர் அரையாண்டும் ஒரு சேற்றுநிலமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழும்பில் சுற்றாடல் கற்கையில் முதுமாணிப் படிப்பை மேற்கொள்கிறேன். ஜனவரியில் தொடங்கும் அரையாண்டுக்கான நிகழ்வுகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பு எனக்கும் மூன்று நண்பர்களுக்கும் தரப்பட்டிருக்கிறது. கடந்த முறை பதினொரு விருந்தினர் உரைகள் நடந்தன. கடைசி உரைக்கு ஒன்பது பேரே வந்தார்கள். எதை வைப்பது, எதை விடுவது?
– மாணவி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். பட்டப்பின் படிப்புக்கு வருபவர்களில் பலர் கிழமை நாட்களில் வேலைக்குப் போய், சனி, ஞாயிறு வகுப்புகளுக்கு வந்து, மாலையில் வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பவர்கள். அவர்களிடம் பதினொரு மாலைப் பொழுதுகளைக் கேட்பது நியாயமாகாது. ஐந்தாறு நிகழ்வுகள் போதும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி அமைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த இடத்தைத் தேடி நீங்கள் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. 2018 இல் துபாயில் நடந்த, ஈரநிலப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ராம்சார் மாநாட்டில் உலகின் 18 நகரங்கள் முதன்முறையாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்டபோது அவற்றுள் கொழும்பும் ஒன்றாக இருந்தது. தலைநகரப் பகுதியில் இன்றும் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் எஞ்சியிருக்கிறது. கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவையோ தலவத்துகொடையில் உள்ள தியசரு பூங்காவையோ தேர்ந்தெடுத்து, முன் அனுமதி பெற்று, அரையாண்டு முழுவதும் அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள்.

முதற் பயணத்தை உலக ஈரநில நாளான பெப்ரவரி 2 ஐ ஒட்டிய சனிக்கிழமையில், வெயில் ஏறுவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். வலசை வரும் பறவைகள் ஏப்ரல் வரை இங்கே தங்கியிருக்கும். பறவைகளைப் பார்த்து முடிந்ததும் மரப்பலகை நடைபாதையில் ஒரு பலகையைக் குறித்துக்கொண்டு, நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி இறக்கி, பலகையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் பின்னேர இடிமழை பெய்யத் தொடங்கியதும் ஒரு முறை, மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஒரு முறை என்று அதே பலகையில் நின்று அதே நூலால் அளக்கும்போது, வெள்ள நீரைத் தேக்கிவைத்தல் என்று விரிவுரையில் குறிப்பெடுத்த ஒரு சொல் நீங்கள் கண்ணால் கண்ட காட்சியாகிவிடும்.

கரையோரத்தில் அடர்ந்து நிற்கும், சிங்களத்தில் வெல் ஆத்த எனப்படும் மரத்தையும் கவனியுங்கள். நாம் உண்ணும் அன்னமுன்னாவின் பேரினத்தைச் சேர்ந்த இம்மரம் வெளியிலிருந்து வந்து, கொழும்பின் சேற்றுநிலங்களில் உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒரே இடத்துக்குப் பலமுறை போகிறவருக்குத்தான் அது எவ்வளவு நெருங்கி வளர்ந்திருக்கிறது என்பது உறைக்கும்.

இந்தப் பயணங்களுக்கிடையே ஓர் உரை வையுங்கள், ஒன்றே ஒன்று. வெள்ளக் கட்டுப்பாட்டில் பணியாற்றிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரை அழைத்து, மழைக்காலச் செய்திகளில் நாம் கேட்டுப் பழகிய, களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவு எதைச் சொல்கிறது என்று விளக்கச் சொல்லுங்கள். சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவந்து முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் களனி கங்கை பெருக்கெடுத்திருக்கும்போது, நகரின் கால்வாய்களால் தம் நீரை அதற்குள் வடிக்க முடியாது. அந்த நீருக்குச் சேற்றுநிலம்தான் இடம் கொடுக்க வேண்டும். அந்த இடமும் போதாமற் போனால் என்ன ஆகும் என்பதை 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தபோது கண்டோம். இந்த உரையை முதற் பயணத்துக்குப் பின்னர் வைப்பது நல்லது, ஏனென்றால் அப்போதுதான் மாணவர்கள் தங்கள் சொந்த அளவுக் குறிப்போடு கேள்வி கேட்பார்கள்.

கேள்வி: மீதொட்டமுல்லைக்கு ஒரு களப்பயணம் ஒழுங்கு செய்தோம். அப்பகுதியில் வளர்ந்த நண்பர் ஒருவர் வர மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரியா?
– முதுமாணி மாணவர், தெமட்டகொட

பதில்: அவர் மறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் நகரக் கழிவு கொட்டப்பட்டு வந்த குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி, படம் எடுத்து, அரை மணி நேரத்தில் திரும்பிப் போகும் கூட்டத்தை அயலவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நண்பரை வற்புறுத்த வேண்டாம். இப்பயணத்தில் உங்களுக்கு எது உறுத்துகிறது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

அந்த விபத்தைக் கற்காமல் விடக்கூடாது என்பதும் உண்மையே. வகுப்பறையில் வைத்து, தினமும் கொட்டப்பட்ட நகரக் கழிவு எப்படி மலையானது, ஈரமான மென்மையான நிலத்தின் மேல் அவ்வளவு பாரம் ஏறினால் என்ன நடக்கும், வீடுகளுக்கு அருகில் கொட்டுவதை எதிர்த்து மக்கள் முன்கூட்டியே எழுப்பிய குரல் ஏன் காதில் விழவில்லை என்று ஒரு முழுப் பின்னேரம் ஆராயுங்கள். அங்கு வாழ்ந்தவர்களில் யாராவது தாமாக விரும்பி வந்து பேசுவார்களானால், அவர்களையே முதலில் பேசவிட்டு, பேராசிரியர்கள் பின்னர் பேசட்டும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் தமிழ் பேசுவோர் பலர் இருந்தும் எல்லா நிகழ்வுகளும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. தமிழில் ஒரு நிகழ்வு வைத்தால் தரம் குறைந்துவிடும் என்கிறார்கள்.
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: தரம் குறையாது. ஒரு சட்டத்தைச் சான்றாகத் தருகிறேன். தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, பெருந்திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வையிடலாம் என்ற அறிவித்தல் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும். கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்த அறிவித்தலைத் தமிழில் படிக்கும் மக்களுக்குத் தமிழிலேயே விளக்கவும், அவர்களோடு அமர்ந்து கருத்தை எழுதவும் தெரிந்த பட்டதாரிகள் நமக்கு வேண்டாமா?

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்கே ஒரு ஞாயிறு மாலை, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தை எடுத்துப் பேசுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி, மின் உற்பத்தி நிறுவனம் ஒன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்தில் உறவினர் கிணற்றைப் பற்றிக் கவலைப்பட்ட கொழும்புக் குடும்பங்கள் ஏராளம். மண்டபத்தில் கேள்விக்குக் குறைவிருக்காது. நிலக்கீழ் நீர், சுண்ணக்கற் பாறை, ஊடுவடிதல் போன்ற சொற்களைப் பேச்சாளர்கள் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு பயன்படுத்தினால் கேட்பவருக்குக் குழப்பம் வராது.

கேள்வி: கடற்கரையைச் சுத்தம் செய்யும் நிகழ்வு ஒன்று ஒவ்வோர் அரையாண்டிலும் நடக்கிறது. அதனால் பயன் உண்டா?
– வாசகர், நீர்கொழும்பு

பதில்: பைகளில் குப்பை சேர்த்துக் குழுப்படம் எடுப்பதோடு முடிந்தால் பயன் சிறிது. உங்கள் பக்கத்துக் கரையிலேயே கற்க நிறைய இருக்கிறது. 2021 மே 20 இல் தீப்பற்றி, ஜூன் 2 இல் மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பயறளவே உள்ள அவை மணலோடு கலந்துவிட்டால் கண்ணுக்கு எளிதில் புலப்படா.

ஒரு சதுர மீற்றர் இடத்தைக் கயிற்றால் அளந்து, மேல்மணலைச் சுரண்டி, கடல்நீர் நிறைந்த வாளியில் போட்டுக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும், வெண்மணிகள் மிதந்து வரும். மாச்சல்லடையால் அள்ளி, கையுறையோடு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அரை மணி நேரத்தில் பேச்சு ஓய்ந்து எல்லோரும் குனிந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணியவற்றை மூடியுள்ள போத்தலில் இட்டு, திகதியும் இடமும் எழுதி, துறையின் ஆய்வுகூட அலுமாரியில் வையுங்கள். அடுத்த அரையாண்டில் வருபவர்கள் அதே இடத்தில் அதே அளவு மணலை எடுத்து எண்ணட்டும்.